படம் படிக்கப் பழகுவோம்

(நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



டீயும் போண்டாவும் தயாராக இருப்பதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு சின்னப் பரீட்சை. யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது. 200 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது? இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

செங்கோட்டையா? அது 500 ரூபாய். 200-ல் இருப்பது சாஞ்சி ஸ்தூபி. 100-ல் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, 50-ல் ஹம்பியின் கல் தேர், 20-ல் எல்லோரா, 10-ல் கோனார்க் சூரியக் கோயிலின் சக்கரம். தினமும் கையில் புழங்கும் தாள்கள்தான். ஆனாலும் தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அந்த நாட்டு மக்களிடம் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களால் சரியாக வரைய முடியவில்லை. நோட்டின் நிறத்தையும் எண்ணையும் பார்த்தால் காரியம் முடிந்துவிடுகிறது. மீதியைக் கண் தாண்டிப் போய்விடுகிறது.

ரூபாய் நோட்டில் இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் இன்று நமக்கு வரும் செய்திகளில் பெரும்பகுதி படமாகவும் வீடியோவாகவும் வருகிறது. அங்கேயும் இதே வேகத்தில் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘விஷுவல் லிட்டரசி’ என்று பெயர். 1969 வாக்கில் கோடாக் நிறுவனத்தில் இருந்த ஜான் டெப்ஸ் என்பவர் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். எளிமையாகப் ‘படம் படிக்கத் தெரிவது’ என்று வைத்துக்கொள்வோம். எழுத்தைப் படிக்க நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடம் சொல்லிக் கொடுக்கிறோம். படத்தைப் படிக்க யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கண் இருக்கிறதே, தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வருவதில்லை.

மடியில் தொடங்குவது

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பொம்மையின் அசல் போன்ற வண்ணப் படத்தை வையுங்கள். குழந்தை அதைத் தொட்டுப் பார்க்கும், கிள்ளி எடுக்கப் பார்க்கும். ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இது. பத்தொன்பது மாதம் ஆகும்போது அதே படத்தைக் குழந்தை எடுக்க முயல்வதில்லை. விரலை நீட்டிச் சுட்டிக்காட்டுகிறது. இந்தத் தாள் வேறு எதையோ குறிக்கிறது என்று இடைப்பட்ட மாதங்களில் அது கற்றுக்கொண்டிருக்கிறது. மனிதன் படிக்கும் முதல் பாடம் இதுதான் என்று சொல்லலாம். எழுத்தெல்லாம் பிறகுதான்.

அந்தப் பாடத்துக்கு நம் மடிதான் பள்ளிக்கூடம். படப் புத்தகத்தைக் காட்டும்போது பெரும்பாலும் என்ன கேட்கிறோம்? “இது என்ன? யானை. இது என்ன? குரங்கு.” பெயர் தெரிந்த பிறகு இன்னும் ஒரு படி மேலே போகலாம். “இந்தக் குரங்கு ஏன் ஒளிஞ்சிருக்கு? யாரைப் பாத்துப் பயப்படுது? அடுத்த பக்கத்தில் என்ன ஆகும்?” இப்படிக் கேட்டால் குழந்தை படத்துக்குள் தேட ஆரம்பிக்கும். ஃபோனில் ஓடும் கார்ட்டூன் இந்த அவகாசத்தைத் தருவதில்லை. குழந்தை யோசித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. புத்தகத்தின் பக்கம் நாம் புரட்டும்வரை காத்திருக்கும்.

மூன்று, நான்கு வயதில் பென்சில் கைக்கு வரும். முதலில் கிறுக்கல். பிறகு ஒரு வட்டம், அதிலிருந்தே நேராக இரண்டு கால். கழுத்தும் உடம்பும் இருக்காது. உலகம் முழுக்கக் குழந்தைகள் மனிதனை இப்படித்தான் முதலில் வரைகிறார்கள். கொஞ்சம் வளர்ந்தால் ஆட்டோவுக்கு மூன்று சக்கரமும் தெரியும்படி வரைவார்கள், அம்மா வயிற்றுக்குள் பாப்பாவையும் வரைவார்கள். கண்ணுக்குத் தெரிவதை அல்லாமல் தனக்குத் தெரிந்ததை வரையும் வயது அது. “ஆட்டோவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூணு சக்கரம் தெரியுமா?” என்று திருத்த வேண்டாம். “இதைப் பத்திச் சொல்லேன்” என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரக் கதை கிடைக்கும்.

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் “ஒரு சீனரி வரை” என்று சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். ஒன்பதாவது மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் இதைத்தான் வரையும். நாமும் இதைத்தான் வரைந்தோம். யாரும் பார்த்திராத அந்தக் கிராமத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கற்றுக்கொண்டோம். அதில் தவறில்லை. அது படத்தின் அரிச்சுவடி மாதிரி. ஆனால் அதோடு நிறுத்தாமல், பிள்ளையைப் பால்கனிக்கு அழைத்துப் போய் “இங்கிருந்து தெரிவதை வரை” என்று சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, எதிர் பிளாக்கின் ஜன்னல் கம்பி எல்லாம் வரும். எது பெரிசு, எது சிறிசு, எது எதை மறைக்கிறது என்று அப்போதுதான் கவனிக்கத் தொடங்கும்.

ஒன்பது, பத்து வயதில் ஒரு திருப்பம் வரும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-ல் எழுதிய நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். தான் வரைந்தது அசல் போல இல்லை என்பது குழந்தைக்கே தெரிய ஆரம்பிக்கும் வயது. “எனக்கு வரையத் தெரியாது” என்று பென்சிலை வைத்துவிடும். நாமும் சரி, கணக்கைப் படிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். நம்மில் பலருடைய படக் கல்வி அந்த வயதோடு நின்றுபோனது. ஓவியர் ஆவதற்காக இல்லாவிட்டாலும், கவனித்துப் பார்ப்பதற்காகவாவது அந்தப் பென்சிலைக் கீழே வைக்க விடாதீர்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய பாடத்திட்டம் இருக்கிறது. கோலம். ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும்’ என்று வார இதழ்களில் வருமே, அந்த ஒரு வரியைப் படித்து, மனசுக்குள் வடிவத்தைக் கண்டு, தரையில் அதைக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. சமச்சீர், எண்ணிக்கை, திரும்பத் திரும்ப வரும் அமைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நம் குடியிருப்பில் மார்கழியில் கோலம் போடும் பாட்டிகள் இருக்கிறார்கள். பேத்திகளோடு பேரன்களும் பக்கத்தில் உட்காரட்டும்.

கட்டடத்துக்குள்ளேயே பாடங்கள்

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நம் கட்டடமே ஒரு பாடப் புத்தகம். மாடிப்படி அருகே பச்சை நிறத்தில் கதவை நோக்கி ஓடும் மனிதன் இருக்கிறான் அல்லவா? ஜப்பானிய வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் வடிவமைப்பிலிருந்து வந்தது அது. எந்த மொழிக்காரருக்கும், அவசரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அது படமாக இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது என்ன சொல்கிறது என்று தெரியும்? இன்று வீட்டுக்குப் போகும்போது லிஃப்டை விட்டுவிட்டு, அந்த மனிதன் காட்டும் வழியில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

சமையலறைக்குப் போங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம். ஏன் மாற்றினார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாத கண்கள் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரண்டு வட்டமும் ஒன்று போலத் தெரியும். வடிவத்தை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

படிக்கும் அறையில் உலக வரைபடம் மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள். நம் சுவர்களில் இருப்பதில் பல, 1569-ல் மெர்காட்டர் கப்பல் பயணத்துக்காக வகுத்த முறையில் வரைந்தவை. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது. அந்தப் படத்தில் சிறியதாகத் தெரியும் நம் இந்தியாவும் கிரீன்லாந்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரியதுதான். கப்பலின் திசையைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று அளவை விட்டுக்கொடுத்தார்கள். எந்தப் படமும் ஒரு வேலைக்காக வரையப்பட்டது, அந்த வேலைக்காக எதையோ விட்டிருக்கும் என்பதைப் பத்து வயதில் ஒரு பிள்ளை புரிந்துகொண்டால், பிற்காலத்தில் பெரிய உதவி.

‘படம் இருக்கே, வேற என்ன ஆதாரம் வேணும்?’

பதின்வயதுப் பிள்ளைகள் நம்மைவிட ஃபோனை நன்றாகக் கையாள்வார்கள், அவர்களை ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் புகைப்படம் ஒன்றை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் காட்டினார்கள். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் ஆனது என்று அதில் ஒரு குறிப்பு. இது வலுவான ஆதாரமா என்று கேட்டார்கள். ஆம், படமே இருக்கிறதே என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம். யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று சரியாகச் சந்தேகப்பட்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. பூ அங்கேதான் பூத்தது என்பதற்கே அந்தப் படத்தில் எதுவும் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன், நாம் எப்படி என்று பார்ப்போம். இங்கே வீடு வாங்குவதற்கு முன் நாம் பார்த்த விளம்பரக் கையேடுகளை நினைத்துப் பாருங்கள். எந்தக் கட்டடமாக இருந்தாலும் அதைச் சுற்றி மரங்கள் மட்டும் இருக்கும், பக்கத்து மனையே இருக்காது. அகலக்கோண லென்ஸில் எடுத்த ஹாலில் கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கும். ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் ‘கற்பனைச் சித்திரம்’ என்று போட்டிருக்கும்.

வரைபடங்களும் அப்படித்தான். ஒரு குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் 4,000 ரூபாயிலிருந்து 4,200 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத உயர்வு. இதை இரண்டு தூண்களாக வரைகிறேன். ஆனால் அடிக்கோட்டைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 3,900-ல் தொடங்குகிறேன். முதல் தூண் 100 அளவு உயரம், இரண்டாவது 300 அளவு உயரம். பார்த்ததும் மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று கோபம் வரும். எண் எதுவும் பொய் இல்லை. உயர்வை எதிர்ப்பவர் இப்படி வரையலாம். ஆதரிப்பவர் வேறு மாதிரி வரையலாம். எந்தப் பொதுக்குழுவிலும் வரைபடம் காட்டினால், முதலில் இடது ஓரத்தில் எண் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

இவை பணத்தோடு போய்விடும். உயிரைக் குடித்த படமும் உண்டு. 2018-ல் ஒரு வீடியோ நம் நாடு முழுக்கச் சுற்றியது. தெருவில் விளையாடும் சிறுவர்களுக்கு நடுவே பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற குறிப்போடு வந்தது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் கடைசியில் அதே இருவரும் திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். வேறு எந்த மோசடியும் அதில் இல்லை. அந்த வீடியோவோடு இதுபோன்ற வதந்திகள் பலவும் பரவின. அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். வேறு மாநிலங்களிலும் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது.

நம் வாசலில் ஒரு படம்

திருவண்ணாமலை தூரம், நாம் படித்தவர்கள் என்று தோன்றலாம். ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நடந்தது அல்ல, ஆனால் எந்தக் குடியிருப்பிலும் நடக்கக்கூடியது. மூன்றாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில் வைத்த பார்சலைக் காணோம். லிஃப்ட் பக்கத்து சிசிடிவி கேமராவிலிருந்து ஒரு படத்தை யாரோ குழுவில் போடுகிறார்கள். தொப்பி போட்ட இளைஞர், தோளில் பை, நேரம் 2.14. கீழே ஒரு வரி: ‘இவன்தான்’. பத்து நிமிடத்தில் நாற்பது பதில்கள். செக்யூரிட்டி என்ன செய்கிறார், டெலிவரிக்காரர்களை இனி மேலே விடக் கூடாது, கம்பெனிக்குப் புகார் கொடுங்கள்.

இப்போது அந்தப் படத்தைப் படிப்போம். என்ன தெரிகிறது? ஒருவர் லிஃப்ட் அருகே நிற்கிறார், தோளில் பை இருக்கிறது. அவ்வளவுதான். காணாமல் போன பார்சல் தெரிகிறதா? இல்லை. அந்த வீட்டு வாசல் தெரிகிறதா? இல்லை. கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? பார்க்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் யார் யார் வந்து போனார்கள்? கேட்கவில்லை. ‘இவன்தான்’ என்ற சொல் படத்துக்குள் எங்கும் இல்லை, ஒருவர் கீழே தட்டிய வரியில்தான் இருக்கிறது. நாம் அந்த வரியைப் படித்துவிட்டு, படத்தைப் பார்த்ததாக நினைக்கிறோம். அந்த இளைஞர் நம் குழுவில் இல்லை. பதில் சொல்ல முடியாது. ஒரு புகாரில் அவர் வேலை போகலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பிளம்பர், துணி தேய்ப்பவர், இவர்களில் யாரும் நம் குழுவில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றுதான்: பார்த்தது எது, நாமாக நினைத்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

மூன்று கேள்விகள்

எப்படிப் பழகுவது? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் சாரம் மூன்று கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நடுக் கேள்விதான் முக்கியம். “அவர் கோபமா இருக்கார்” என்று பிள்ளை சொன்னால், “எதைப் பாத்துச் சொல்றே?” என்று கேளுங்கள். புருவத்தையோ கையையோ காட்டும். காட்ட எதுவும் இல்லை என்றால், அது தன் ஊகம் என்று தானே கண்டுபிடிக்கும்.

பெரியவர்களுக்கு இந்த வயதில் வருமா என்று கேட்கலாம். வரும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போய், ஓவியங்களில் தெரிவதை மட்டும் விவரிக்கப் பழக்கினார்கள். அதன் பிறகு நோயாளிகளின் படங்களில் அவர்கள் கவனித்துச் சொன்ன விவரங்கள் கூடின என்று 2001-ல் ஆய்வு வெளியானது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன் செல்ஃபி எடுத்த பிறகு பத்து நிமிடம் நில்லுங்கள். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்திய தவசி, பக்கத்தில் நான்கு கைகளோடு சிவன், நடுவே பாறைப் பிளவில் நாகங்கள், யானைக் கூட்டம். ஒரு பூனையும் அந்தத் தவசியைப் போலவே கையைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் காட்டாதீர்கள். இது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்களே வாதிடுகிறார்கள். பிளவில் இறங்குவது கங்கை என்று பார்ப்பவர்களுக்குப் பகீரதன், வரம் தரும் சிவனைப் பாசுபதத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அர்ச்சுனன். இரண்டு தரப்பும் கல்லில் இருப்பதைக் காட்டித்தான் பேச வேண்டும். குடும்பமாக ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

ஃபோனுக்கு வரும் படங்களுக்கு இன்னும் மூன்று கேள்விகள். யார் எடுத்தது? எப்போது, எங்கே? சட்டத்துக்கு வெளியே, வீடியோவுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும்? 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளை நிறப் பஃபர் ஜாக்கெட்டில் நிற்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது அது. விரல் எண்ணிக்கையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. எனவே படத்தை உற்றுப் பார்ப்பதோடு, படம் எங்கிருந்து வந்தது என்றும் தேட வேண்டும். கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 2015 வெள்ளப் படம் ‘இன்று காலை’ என்று வந்தால் அங்கே பிடிபடும். பேரப் பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிட வேலை. தாத்தா பாட்டிகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள், பதிலுக்கு கோலம் சொல்லிக் கொடுங்கள்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு படம் ஒட்டுவோம். தலைப்போ விளக்கமோ வேண்டாம். கீழே அந்த மூன்று கேள்விகள் மட்டும். பிள்ளைகள் பதில் எழுதி ஒட்டட்டும். இரண்டு, ஒருவரின் முகம் தெரியும் சிசிடிவி படத்தை யாரும் நேரடியாகக் குழுவில் போட வேண்டாம். முதலில் நிர்வாகக் குழுவிடம் கொடுப்போம். அவர்கள் முன்னும் பின்னும் உள்ள பதிவைப் பார்க்கட்டும், அந்த மனிதரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போண்டா ஆறுவதற்குள் கேள்விகளைக் கேளுங்கள்.